கண்ணீர்த்துளி வண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை

மேட்டுப்பாளையத்துக்கு வருகிறவர்கள் மேட்டுப்பாளையத்தைப் பார்ப்பதே இல்லை. காலை 7.10 மலை ரயிலுக்கு அரக்கப்பரக்க ஓடுகிறார்கள். டிக்கெட் கிடைக்காதவர்கள் கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவிலேயே செல்ஃபி எடுக்கிறார்கள். போகட்டும், அவர்களுக்குக் கையாட்டிவிட்டு வாருங்கள். நாம் காரமடை ரோட்டில் ஒரு சந்துக்குள் திரும்பப் போகிறோம். டிராக்டர் டிரெய்லரும் தோட்டத்துக் கேட்டும் செய்கிற பட்டறை ஒன்று. வெல்டிங் பொறி பறக்கும், நேராகப் பார்க்காமல் சுவரோரமாக வாருங்கள். அதோ அந்த நீலத் தார்ப்பாயை விலக்குங்கள்.

எப்படி இருக்கிறது? சொல்லுங்கள், எப்படி இருக்கிறது!

முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்குகிற முதுகு. இரண்டே சக்கரம். நின்றால் என் தோள் உயரம்தான் வருகிறது. பக்கத்துக்கு ஒரு குட்டிக் கதவு, கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. உள்ளே தலை நுழைத்தால் முழுக்க முழுக்க மெத்தை. நிற்க இடமில்லை, உட்காரலாம், படுக்கலாம். சமையல்கட்டு எங்கே என்று கேட்பீர்கள். பின்னால் வந்து அந்த மூடியைத் தூக்குங்கள். அடுப்புத் திட்டு, அஞ்சறைப்பெட்டிக்கு அளவெடுத்த அறை, குட்டி சிங்க், கரண்டி மாட்ட நாலு கொக்கி! நீங்கள் தரையில் நின்றுகொண்டு சமைப்பீர்கள், தூக்கிய மூடியே மழைக்குக் கூரை.

“தொடாதீங்க, பெயின்ட் இன்னும் காயலீங்க” என்று உள்ளேயிருந்து ஒரு குரல். பட்டறைக்கார அண்ணன். என் விரலில் ஏற்கெனவே கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்ததை நான் காட்டிக்கொள்ளவில்லை.

டியர்டிராப் டிரெய்லர் என்று உலகம் சொல்லும் இந்தக் கண்ணீர்த்துளி வண்டி, 1930களில் அமெரிக்காவில் பிறந்தது. கார், ரயில், இஸ்திரிப்பெட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் காற்றைக் கிழிக்கிற உருவத்துக்கு வளைத்துக்கொண்டிருந்த காலம். வீட்டிலேயே செய்துகொள்ள இதழ்கள் வரைபடம் அச்சிட்டன, ஆட்கள் கொல்லைப்புறத்தில் அறுத்து ஒட்டினார்கள். அப்புறம் பெரிய பெரிய டிரெய்லர்கள் வந்ததும் இது மறந்துபோய், 1990களுக்குப் பிறகு மறுபடி தலைதூக்கியது. நம் ஊரில் கேரவன் என்றால் உடனே பொள்ளாச்சி ஷூட்டிங்கில் நடிகர்கள் ஏறி உட்காருகிற ஏசி பஸ்தான் ஞாபகம் வரும். கேரளம் 2021இல் ‘கேரவன் கேரளா’ திட்டம் அறிவித்ததும் அந்த மாதிரிப் பெரிய வண்டிகளை நம்பித்தான். பஸ் பாடி கட்டுவதற்குக் கரூர், லாரி பாடிக்கு நாமக்கல், திருச்செங்கோடு என்று சுற்றிலும் இத்தனை கைத்திறன் இருக்கிற கொங்கு நாட்டில், இரண்டு பேர் படுக்கிற இந்தச் சின்ன வண்டியை மட்டும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இன்றைக்கு வந்திருப்பவர்கள் சிறுமுகைப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருக்கிற ஓர் இளம் தம்பதி. கூடவே பெண்ணின் அம்மாவும். முதல் வண்டி. பொலீரோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்ததுமே அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: “ஏனுங்ணா, வேற என்னென்ன கலர்ல கெடைக்கும்?”

அண்ணன் சிரித்தார். “கலர் கடைசிங்க அம்முணி. மொதல்ல உங்க காருக்குக் கீழ படுத்துப் பார்க்கோணும்.”

படுத்தும் பார்த்தார்! இங்கேதான் திரைக்குப் பின்னாலிருக்கும் ரகசியம். எல்லோரும் வண்டியைத் தேடுகிறார்கள். தேர்வு தொடங்குவதோ இழுக்கிற காரின் அடிவயிற்றில். பொலீரோ, ஸ்கார்பியோ, தார், இன்னோவா கிரிஸ்டா மாதிரி தனி சேசிஸ் மேல் பாடி உட்கார்ந்திருக்கிற வண்டிகளில் கொக்கி மாட்ட உறுதியான இரும்பு கிடைக்கும். சின்ன ஹேட்ச்பேக்கில் பாடியும் சேசிஸும் ஒன்றே. பம்பருக்குப் பின்னால் இருப்பது மெல்லிய தகடு. அதில் கொக்கி அடித்து மலையேறுவது வம்பு. இழுவைத் திறன் எவ்வளவு என்று காரோடு வந்த கையேட்டில் பார்க்க வேண்டும். எதையும் இழுக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

காரில் தேறிவிட்டால் அடுத்தது எடை. இந்திய வகைப்பாட்டில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டாத டிரெய்லருக்கு டி1 என்று பெயர். ஐரோப்பாவிலும் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அதே 750தான் உச்சவரம்பு. அண்ணன் வைத்திருக்கும் இலக்கு சாமான் செட்டோடு 500. கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? இப்போது பிளைவுட் அடுக்கியிருக்கிற மூலைக்கு வாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு. உலகம் முழுக்க இந்த வண்டிகளில் பல நாலடி அகலம், எட்டடி நீளம் என்று இருப்பதற்கு அதுதான் காரணம். எந்தப் பெரிய பொறியியல் தத்துவமும் கிடையாது, மரக்கடை அளவு! ஒரு ஷீட்டை அப்படியே தரைக்குப் போடலாம். இன்னொன்றில் பக்கச்சுவரை வரைந்து ஜிக்சாவில் வளைத்து அறுத்தால் அந்தக் கண்ணீர்த்துளி வடிவம் பிறக்கிறது. மிச்சத் துண்டில் கதவு. அறுக்கும்போது பார்க்க வேண்டுமே, சதுரமாகக் கிடந்த பலகைக்கு முதுகு முளைக்கிறது!

அந்தப் பெண் ஐந்தடி அகலம் வேண்டும் என்றார். அண்ணன் பேசாமல் ஒரு 12 மில்லி ஷீட்டை அவர் கணவர் கையில் தூக்கிக் கொடுத்தார். ஏறக்குறைய 23 கிலோ. 19 மில்லி என்றால் 36 பக்கம் போகும். மேலே போர்த்துகிற தகட்டிலும் இதே கதை: ஒரு மில்லி அலுமினியம் எட்டுக்கு நாலு எட்டு கிலோ, அதே அளவு இரும்புத் தகடு 23. அடியில் 50க்கு 50 இரும்புச் சதுரக் குழாய் 3 மில்லி கனத்தில் போட்டால் மீட்டருக்கு நாலு கிலோவைத் தாண்டும். 40க்கு 40, 2 மில்லி போட்டால் கிட்டத்தட்ட அதில் பாதி. பேட்டரியில் 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் 30 கிலோ பக்கம், லித்தியம் என்றால் 12 சொச்சம், விலைதான் வாய் பிளக்க வைக்கும். தண்ணீருக்குக் கணக்கே வேண்டாம், லிட்டருக்கு ஒரு கிலோ. இருபது லிட்டர் கேன் இரண்டு ஏற்றினால் நாற்பது போச்சு.

“மலையடிவாரத்துல வண்டி செய்யறங்க. மேல குன்னூர் தண்ணி இருக்குது. இங்கிருந்து எதுக்குச் சுமக்கோணும்?” என்றார் அண்ணன். நியாயம்.

ஆனால் எடையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்த எடை எங்கே உட்காருகிறது என்பது. வண்டியின் மூக்கு காரின் கொக்கியை அழுத்த வேண்டும், மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம். 500 கிலோ வண்டிக்கு 50 முதல் 75 கிலோ. மூக்கு லேசாகிவிட்டால் வேகத்தில் பின்வண்டி ஆடத் தொடங்கும். ஆட்டம் ஒரு தடவை பிடித்துக்கொண்டால் காரையே இழுத்துக்கொண்டு ஆடும். இந்த வண்டியிலோ சமையல்கட்டு முழுக்கப் பின்னால்! சிலிண்டர், பாத்திரம், அரிசி, மிளகாய்ப்பொடி, மாமியார் கொடுத்தனுப்பிய ஊறுகாய் ஜாடி எல்லாம் ஆக்சிலுக்குப் பின்னே போய் உட்கார்ந்து மூக்கைத் தூக்கிவிடும். அதனால் நல்ல தயாரிப்பாளர் ஆக்சிலை நட்டநடுவில் வைக்க மாட்டார், கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுவார். பேட்டரியும் தண்ணீரும் முன்பக்கம். வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பது என் கட்சி. மெத்தை எத்தனை இன்ச் என்பதையெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

சரி, சாமான் ஏற்றாமல் இதைச் சோதிப்பது எப்படி? மேட்டுப்பாளையத்தில் சுமைக்கா பஞ்சம்! நீலகிரிக் கிழங்கும் வெளிமாநிலக் கிழங்கும் வந்திறங்கி ஏலம் போகிற மண்டிகள் இருக்கிற ஊர். மண்டி மூட்டை 45 கிலோ. அண்ணன் சொல்லிவைத்திருந்த ஆட்டோவில் நாலு மூட்டை வந்து இறங்கியது. ஒன்றைச் சமையல்கட்டில் வைத்தார்கள், இரண்டை மெத்தை இடத்தில், ஒன்றை முன்பெட்டியில். மூக்குக்கு அடியில் ஒரு மரக்கட்டை, கட்டைக்கு அடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த எடை மெஷின், டாக்டர் ஏறி நிற்கச் சொல்வாரே அது. முள் 31இல் நின்றது. “பத்தாது” என்றார் அண்ணன். சமையல்கட்டு மூட்டை இறங்கி முன்னால் போனது. முள் ஒரே தாவாகத் தாவி அறுபதைத் தாண்டியது. அந்தப் பெண்ணின் அம்மா கைதட்டினார். எனக்கும் கைதட்டத் தோன்றியது, மஞ்சள் விரலை ஒளித்துக்கொண்டிருந்ததால் முடியவில்லை. அப்புறம் பொலீரோவில் கோத்து எடை மேடைக்குக் கொண்டுபோனார்கள். முட்டைக்கோஸ் லாரிக்கும் கேரட் வண்டிக்கும் நடுவில் மஞ்சள் டியர்டிராப் வரிசையில் நின்ற காட்சிக்கு மொத்த லாரிக்காரர்களும் இறங்கி வந்துவிட்டார்கள்.

இந்தச் சோதனையெல்லாம் எதற்கு? நிமிர்ந்து பார்த்தால் பதில் தெரியும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2,240. நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஏறும்போது இன்ஜின் திணறும், இரண்டாவது கியரில் முனகும், அவ்வளவுதான். இறங்குவதுதான் விஷயம். அரை டன் வண்டி ஊட்டியிலிருந்து இங்கே இறங்கும்போது கழிக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 94 லட்சம் ஜூல். முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். காரின் சொந்த எடைக்கான கணக்கு இதற்கு மேல் தனி. அந்தச் சூட்டில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும், கியரைக் குறைத்துப் பிடித்தால் இன்ஜின் பெரும்பங்கு வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக் லைனரில். பர்லியாறு திரும்புவதற்குள் கருகல் வாசம் வந்தால் நிறுத்திவிட்டு ஆறவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பக்கத்திலேயே பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது பாருங்கள், 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் போட்ட மலை ரயில். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது பெட்டிகளுக்கு முன்னால் தானே தாங்கி நிற்கிறது. போதாததற்குப் பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஆள். நம் குட்டி வண்டிக்கு அந்த வசதி கிடையாது, அதனால் அதற்கென்று சொந்தமாக பிரேக் கேளுங்கள். கார் வேகம் குறைக்கும்போது பின்வண்டி கொக்கியை முன்னே தள்ளுமில்லையா, அந்தத் தள்ளலையே வாங்கித் தன் சக்கரத்துக்குப் பிரேக் போட்டுக்கொள்ளும் ஓவர்ரன் பிரேக் என்று ஒன்று உண்டு. 750க்குக் கீழே இருப்பதால் அது இல்லாமலும் ஓட்டலாம் என்று விற்பவர் சொல்வார். சமவெளிக்காரருக்குச் சரி. கல்லாறு வாசலில் குடியிருப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சக்கரமும் அப்படித்தான். பொலீரோவின் அதே அளவு சக்கரம், அதே போல்ட் அமைப்பு போட்டுக்கொண்டால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். சின்னச் சக்கரம் பார்க்க லட்சணமாக இருக்கும், பங்க்சரானால் ராத்திரி ஒன்பது மணிக்குக் காட்டேரியில் நின்றுகொண்டு லட்சணத்தை ரசிக்கலாம்.

மத்தியானம் ரிவர்ஸ் பயிற்சி. பட்டறைக்குப் பின்னால் காலி மைதானம். நீளமான டிரெய்லரைவிடக் குட்டி டிரெய்லரைப் பின்னால் எடுப்பது கஷ்டம் என்றால் நம்புவீர்களா? குட்டி வண்டி சட்டென்று மடங்கிக்கொள்ளும். பெரியது நிதானமாகத் திரும்பும். மாப்பிள்ளைப் பையன் ஸ்டீரிங்கை வலப்பக்கம் திருப்ப, வண்டி இடப்பக்கம் ஓடியது. இடப்பக்கம் திருப்ப, இன்னும் மோசம். அண்ணன் ஜன்னலோரம் நடந்துகொண்டே சொன்னார்: “தம்பி, ஸ்டீரிங்க அடியில புடிங்க. டிரெய்லர் எந்தப் பக்கம் போகோணுமோ அந்தப் பக்கம் கைய நகத்துங்க, போதும்.” பையன் கையை மாற்றினான். வண்டி சொன்னபடி கேட்டது. அடுத்து அந்தப் பெண் ஏறினார், முதல் தடவையே சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவில் அழகாகக் கொண்டுபோய் நிறுத்தினார். இனிமேல் அந்தக் குடும்பத்தில் ரிவர்ஸ் யார் எடுப்பது என்பது முடிவாகிவிட்டது.

சாயங்காலம் மழைச் சோதனை. மோட்டார் போட்டு, ஓஸ் பைப்பைப் பின்மூடியின் கீல் மேல் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம். உள்ளே நான் டார்ச்சோடு படுத்திருந்தேன், ஆம், அனுமதி வாங்கித்தான்! மெத்தையை எடுத்துவிட்ட பலகையில் படுத்துக்கொண்டு தலைக்கு மேல் அலுமினியத்தில் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்பது இருக்கிறதே... சரி, வேலைக்கு வருவோம். இந்த வண்டிகள் ஒழுகுகிற இடம் அந்தக் கீல்தான். நீளம் முழுக்க ஒரே துண்டாக, ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் அலுமினியக் கீல் போட்டிருக்கிறார்களா, சாதாரணக் கதவுக் கீல் இரண்டை அடித்து சிலிகான் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது ரகம் ஐப்பசி மழைக்கு நிற்காது. மேலே ஒரு காற்றுத்துளையும் கட்டாயம் வேண்டும். ஊட்டியில் மார்கழி, தை மாதம் உறைபனி விழுகிற ராத்திரியில் இரண்டு பேர் மூடிய பெட்டிக்குள் மூச்சு விட்டால் விடியும்போது கூரையிலிருந்து சொட்டும். குளிருகிறதே என்று உள்ளே கரி அடுப்பு வைத்தால் விடியவே விடியாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது, எழுப்பவும் எழுப்பாது.

காகிதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சுவாரஸ்யமில்லைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு, அதற்கும் ஆர்.சி., பின்னால் டி.என். 40 என்று அதற்கென்று ஒரு எண். ஆர்.சி. யார் எடுத்துத் தருவார்கள், எந்த ஒப்புதல் காகிதம் கையில் இருக்கிறது என்று கேட்டு, காகிதத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். இன்சூரன்ஸும் காருக்குள் அடங்கிவிடும் என்று நினைத்துக்கொள்ளாமல் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வண்டி ரெடி, எங்கே படுப்பது? காட்டு ரோட்டில் ஓரங்கட்டிப் படுக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். கல்லாறு யானை வழித்தடம். பின்மூடியைத் திறந்து பலாப்பழம் நறுக்க உட்கார்ந்தால் முதல் விருந்தாளி யார் என்று உங்களுக்குத் தெரியும். (பர்லியாற்றில் துரியன் கிடைக்கிறதே, அதை வாங்கி வண்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். அந்த மெத்தை அப்புறம் யானைக்குக்கூட ஆகாது.) ஊட்டிக்குப் போவதென்றால் 2024 மே 7 முதல் இ-பாஸ், 2025 கோடையில் நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று நீதிமன்றம் கணக்கும் வைத்தது. தோட்டக்காரர், எஸ்டேட் விடுதிக்காரர் யாரிடமாவது முன்கூட்டியே கேட்டு, கேட்டுக்குள் நிறுத்திக்கொள்வதுதான் வழி. முதல் ராத்திரிக்கு அதுவும் வேண்டாம் என்கிறார் அண்ணன். சொந்தத் தோப்பிலேயே படுத்துப் பாருங்கள், எது மறந்துபோனதென்று அங்கேயே தெரிந்துவிடும், வீடும் பக்கத்தில்.

ஆறு மணிக்குப் பேரம் படிந்தது. அகலம் நாலடியே இருக்கட்டும். சேசிஸ் 40க்கு 40. பிரேக் உண்டு, சக்கரம் பொலீரோ அளவு, மெத்தை அவர்களே கொண்டுவருவார்கள். காற்றுத்துளைக்குக் கொசுவலை. கலர் விஷயத்தில் அண்ணன் கடைசியில் வாய் திறக்க அனுமதித்தார், அந்தப் பெண் ஒரு நொடியும் யோசிக்காமல் பச்சை என்றார், வாழையிலைப் பச்சை.

நாலு மூட்டை கிழங்கும் ஆட்டோவில் மண்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, இதுவரை எல்லாவற்றுக்கும் கைதட்டிக்கொண்டிருந்த அம்மா மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினார்.

“ஏனுங் தம்பி, எல்லாம் சரிங்க. இதுல நான் எங்க படுக்கறது?”

மாப்பிள்ளை டயரைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். அண்ணன் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிவிட்டு, பக்கவாட்டில் கட்டுகிற கூடாரம் ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு கிலோதான், முன்பெட்டியில் வைத்துவிடலாம், மூக்குக்கும் நல்லது என்றார்.

“அப்ப அதையும் எழுதிக்கோங்க” என்றார் அம்மா.